அணைக்குக் கீழே இருப்பவர்கள் கேட்க வேண்டிய கணக்கு

ஏரிக்குக் கலிங்கு எதற்கு என்று கிராமத்தில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டாம். கலிங்கு போதாவிட்டால் கரை உடையும். பெரிய அணையிலும் அதே கதைதான். அங்கே அதற்கு உபரிநீர்ப் போக்கி என்று பெயர்.

குஜராத்தின் மோர்பி நகருக்கு 5 கிலோமீட்டர் மேலே, மச்சு ஆற்றின் இரண்டாவது அணை 1972-இல் முடிந்தது. விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கன அடி வெள்ளத்துக்குத்தான் கணக்குப் போட்டிருந்தார்கள். 1979 ஆகஸ்ட் 11 அன்று வந்தது ஏறக்குறைய மூன்று மடங்கு. தண்ணீர் மண்கரையைத் தாண்டி வழிந்தது. வழியும் தண்ணீர் மண்ணை அரிக்காமல் விடுமா? இரு பக்கக் கரைகளும் போயின. 20 நிமிடத்தில் மோர்பியின் தாழ்வான பகுதிகள் மூழ்கின. இறந்தவர்கள் 1,800 பேர் என்பவர்களும் உண்டு, 25,000 என்பவர்களும் உண்டு. எண்ணி முடிக்கக்கூட ஆளில்லை.

அன்று அந்த அணைக்கு வயது 7. பழசு என்று பழி போட வழியில்லை, முதலில் போட்ட கணக்கே தப்பு. திரும்பக் கட்டியபோது போக்கியின் திறனை 7 லட்சம் கன அடிக்கு மேல் உயர்த்தினார்கள்.

பழைய அணைகளின் கணக்கும் பழையதுதான். மேட்டூர் 1934, பவானிசாகர் 1955, வைகை 1959. உலக வங்கிக் கடனில் 2012 முதல் 2021 வரை நடந்த புனரமைப்புத் திட்டத்தில், தமிழ்நாடு உட்பட 7 மாநிலங்களின் 223 அணைகள் சேர்ந்தன. வெள்ளக் கணக்கைப் புதிதாகப் போட்டபோது பல அணைகளில் எண் கூடியது. கூடினால் என்ன செய்வது? கூடுதல் போக்கி கட்டலாம், கரையை உயர்த்தலாம், மழைக்கு முன்பே நீர்மட்டத்தை இறக்கி வைக்கலாம். கடைசி வழிக்குச் செலவு குறைவு, ஆனால் பாசனக்காரர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். ஷட்டரையும் சங்கிலியையும் மறக்கக் கூடாது. 2024 ஆகஸ்டில் துங்கபத்ரா அணையின் 19-ஆம் மதகு சங்கிலி அறுந்துதான் அடித்துச் செல்லப்பட்டது.

2021 டிசம்பர் 30 முதல் அணைப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. பெரிய அணைகளைப் பருவமழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு செய்ய வேண்டும். ஏற்கெனவே உள்ள அணைகளுக்கு, எந்தெந்த ஊர் மூழ்கும் என்ற வரைபடத்தோடு அவசரகாலச் செயல்திட்டம் 5 ஆண்டுக்குள், அதாவது 2026 டிசம்பருக்குள் தயாராக வேண்டும். சட்டத்தின் உத்தரவை மீறி உயிர்ச்சேதம் நேர்ந்தால் 2 ஆண்டு வரை சிறை. ஆனால் வீடு இழந்தவருக்கு இழப்பீடு பற்றி அந்தச் சட்டம் வாய் திறக்கவில்லை. இதைப் பெரிய ஓட்டை என்றே சொல்வேன்.

தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி நீர்வளத்துறையிடம் மூன்றைக் கேளுங்கள்: கடைசி ஆய்வறிக்கை, திருத்திய வெள்ளக் கணக்கு, உங்கள் ஊருக்கான மூழ்கும் வரைபடம். 30 நாளில் பதில் வர வேண்டும். பாதுகாப்புக் காரணம் சொல்லி மறுத்தால், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். வரைபடம் முழுவதும் வேண்டாம், எங்கள் ஊர்ப் பகுதி போதும் என்று அதில் எழுதுங்கள்.

அக்டோபர் 2 கிராம சபை, வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னால் வருகிறது. நள்ளிரவில் மதகு திறந்தால் சைரன் நம் தெருவரை கேட்குமா, மேட்டுக்கு எந்த வழியில் போவது என்று அங்கே கேட்டு, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள்.