ஒரே மழை, நாலரை மடங்கு தண்ணீர்



ஹாஸ்டல்ல மொட்டை மாடிக்கு நேர் கீழே ரூம் கிடைச்சவங்களுக்கு இது நல்லாவே தெரியும். ஏப்ரல் மாசம், ராத்திரி பதினோரு மணி. சூரியன் மறைஞ்சு நாலு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. ஆனா ஃபேனைப் போட்டா அனல் காத்துதான் இறங்கும். பகல் முழுக்க வெயிலைக் குடிச்ச கான்கிரீட் தளம், ராத்திரியில் அதைத் திருப்பிக் கொடுத்துக்கிட்டு இருக்கு. ஒரு ரூம்ல நடக்கிற இதே விஷயம் ஒரு ஊர் முழுக்க நடந்தா, அதற்குப் பெயர் 'நகர வெப்பத் தீவு'.

காலநிலை மாற்றம்னு சொன்னதும் நமக்கு உருகும் பனிப்பாறைதான் ஞாபகம் வருது. ஆனால் நகரத்தில் வாழ்கிற நமக்கு அது வேற வழியில் வந்து சேர்கிறது. சென்னையை எடுத்துக்கிட்டு, நம்ம பாடப்புத்தகக் கணக்கை வைத்தே பார்ப்போம்.

முதல் கணக்கு: வெயில்

ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக சுமார் 2.4 மெகாஜூல் வெப்பம் வேண்டும். கரண்ட் பில் பாஷையில் சொன்னா 0.67 யூனிட். ஒரு பெரிய மரம் ஒரு நாளைக்கு 100 லிட்டர் தண்ணீரை இலை வழியாக ஆவியாக்குதுன்னு வச்சுப்போம். அப்போ அது சுற்றுப்புறத்திலிருந்து இழுத்துக்கொள்ளும் வெப்பம் 67 யூனிட். ஒன்றரை டன் ஏசி ஒன்று ஒரு மணி நேரத்தில் அறையிலிருந்து வெளியேற்றுவது சுமார் 5.3 யூனிட் வெப்பம்தான். அதாவது ஒரு மரம், ஒரு ஏசி பன்னிரண்டு மணி நேரம் ஓடுவதற்குச் சமம்.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கு. ஏசி வெப்பத்தை அழிப்பதில்லை. அறையின் வெப்பத்தோடு, தான் தின்ற மின்சாரத்தையும் சேர்த்துத் தெருவில் கொட்டுகிறது. தெரு சூடானா பக்கத்து வீட்டுக்காரரும் ஏசி வாங்குவார். அந்த மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருவதால் புவியும் சூடாகும். உலகப் பசுங்குடில் வாயு வெளியேற்றத்தில் பத்தில் ஏழு பங்கு அளவுக்கு நகரங்களோடு தொடர்புடையது என்கிறது ஐபிசிசி. நகரம் காலநிலையைச் சூடாக்குது, காலநிலை நகரத்தைச் சூடாக்குது.

இரண்டாம் கணக்கு: மழை

சிவில் மாணவர்களுக்கு 'ரன்-ஆஃப் கோஎஃபிஷியன்ட்' தெரிஞ்சிருக்கும். பெய்யும் மழையில் எத்தனை பங்கு நிலத்தின் மேலேயே ஓடுகிறது என்பதைச் சொல்லும் எண் அது. திறந்த மண் தரைக்கு 0.2 என்றால், கான்கிரீட்டுக்கு 0.9.

ஒரு ஹெக்டேர் நிலத்தில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 10 லட்சம் லிட்டர். மண்ணாக இருந்தால் 2 லட்சம் லிட்டர் ஓடும். கான்கிரீட்டாக இருந்தால் 9 லட்சம். வானத்தில் எதுவும் மாறவில்லை. தரை மட்டும் மாறியது. ஓடும் தண்ணீர் நாலரை மடங்கு!

இப்போ வானமும் மாறுது. காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். புவி ஏற்கனவே 1.1 டிகிரிக்கு மேல் சூடாகிவிட்டது. 7 சதவீதம் சின்ன எண் மாதிரி தெரியலாம். ஆனால் இது ஒவ்வொரு டிகிரிக்கும் கூடும், கனமழை வரும் தடவையும் கூடும். முக்கியமா, இரண்டும் கூட்டல் கணக்கு இல்லை, பெருக்கல் கணக்கு.

2015 டிசம்பர் 1 அன்று 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்தது. சென்னையின் ஒரு வருடச் சராசரியே சுமார் 140 சென்டிமீட்டர்தான். நவம்பர் முழுக்கப் பெய்து மண் ஊறிப்போயிருந்ததால், இருந்த மண் தரையும் குடிக்கும் நிலையில் இல்லை. அந்த மாதிரி நாளுக்காகத்தான் ஏரியும் சதுப்பு நிலமும். நுங்கம்பாக்கத்தில் 'லேக் ஏரியா' இருக்கு, மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' இருக்கு. ஏரிதான் இல்லை. ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த பள்ளிக்கரணை சதுப்பு நிலம், 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது சுமார் 1,248 ஹெக்டேர்.

மூன்றாம் கணக்கு: தாகம்

வெள்ளம் வந்த ஊரில் நாலே வருடத்தில் தண்ணீர் இல்லை. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டன. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது, ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர்.

மேலே போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்க. ஒரு ஹெக்டேர் கான்கிரீட்டில் கூடுதலாக ஓடிப்போவது 7 லட்சம் லிட்டர். அப்படியானால் ஒன்பது ஏக்கர் கான்கிரீட், ஒரே மழைநாளில் ஒரு ரயில் தண்ணீரைக் கடலுக்கு அனுப்பிவிடுகிறது. வெள்ளமும் வறட்சியும் எதிரெதிர் இல்லை. ஒரே தப்பின் இரண்டு பக்கங்கள்.

இதில் நமக்கென்ன?

நகரம் வளரவே கூடாதுன்னு சொல்ல வரல. வேலை இருக்கும் இடத்துக்குத்தான் மக்கள் வருவாங்க. பிளேஸ்மெண்ட் கிடைச்சா நம்மில் பலர் போய்ச் சேரப்போவதும் ஓஎம்ஆர்தான். பள்ளிக்கரணையின் தண்ணீர் ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்குப் போக, அந்த ஓஎம்ஆரைக் கடந்துதான் ஆகணும். நாம வாடகைக்கு எடுக்கப்போற ஃபிளாட், தண்ணீரின் வழியில் நிற்கலாம். அதைக் கட்டும் பொறியாளரும் நம்மில் ஒருவராக இருக்கலாம்.

புவி வெப்பத்தை ஒரு ஊர் தனியாகக் குறைத்துவிட முடியாது. ஆனால் 0.9ஐ 0.5 ஆக்குவது ஊர் கையில் இருக்கு. தண்ணீர் இறங்கும் நடைபாதைக் கல், மொட்டை மாடியில் வெள்ளைப் பூச்சு, தூர்வாரிய குளம், நிழல் தரும் மரம். 2003லேயே தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. அந்தக் குழாய் இன்னும் வேலை செய்யுதான்னு பார்ப்பதுதான் பாக்கி.

முதல்ல நம்ம கேம்பஸ்லேயே ஆரம்பிக்கலாம். உங்க டிபார்ட்மெண்ட் பிளாக்கின் மொட்டை மாடி எத்தனை சதுர மீட்டர்னு அளந்து பாருங்க. ஒரு சதுர மீட்டரில் 10 சென்டிமீட்டர் மழை என்றால் 100 லிட்டர். மொத்தம் எவ்வளவு வருது, அது எங்கே போகுதுன்னு அடுத்த மழைக்குள்ள கண்டுபிடிச்சு, விடையை நமக்கு எழுதி அனுப்புங்க!