"வேண்டாம்" என்றொரு பெயர்

விக்ரோலி, கன்னம்வார் நகர், தாகூர் நகர் பக்கம் குடியேறும் தமிழர்களின் நாவில் சீக்கிரம் பழகும் மராத்திச் சொல் "நகோ". காய்கறிக்காரர் ஒரு கட்டுக் கீரையைக் கூடுதலாக நீட்டினால் "நகோ" என்பார்கள். "வேண்டாம்" என்று பொருள்.

அந்தச் சொல்லையே பெண் குழந்தைக்குப் பெயராக வைத்தால்?

வைத்திருக்கிறார்கள். மராட்டியத்தின் சத்தாரா மாவட்டத்தில், ஆண் பிள்ளையை எதிர்பார்த்த வீட்டில் பிறந்த பெண்களுக்கு "நகுசா", "நகோஷி" என்று பெயர். "வேண்டாதவள்" என்பது அதன் பொருள். 2011 அக்டோபர் 22-ந் தேதி அங்கு நடந்த விழாவில் 285 பெண்களுக்குப் புதுப்பெயர் சூட்டப்பட்டது.

நம் பக்கத்திலும்...

மராட்டியரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. திருத்தணி அருகே நாராயணபுரத்தில், அடுத்தடுத்துப் பெண் பிறந்தால் "வேண்டாம்" என்றே பெயரிடும் வழக்கம் இருந்தது. வேறு ஊர்களில் "போதும்பொண்ணு". இப்படிப் பெயரிட்டால் அடுத்தது ஆண் என்று நம்பிக்கை! 2019-ல் "வேண்டாம்" என்ற பெயருடைய பொறியியல் மாணவி ஒருவரையே, பெண் குழந்தைகளைக் காக்கும் திட்டத்தின் தூதராக மாவட்ட நிர்வாகம் நியமித்தது குறிப்பிடத்தக்கது.

குப்பம்மாள் வேறு

"குப்பம்மாள்", "பிச்சை" முதலிய பெயர்கள் இந்த வகை அல்ல. முன் பிறந்த பிள்ளைகள் தவறிப்போன வீட்டில், அடுத்த குழந்தையைக் குப்பையில் புரட்டி எடுத்து அப்படிப் பெயரிடுவார்கள். எமன் கண்ணுக்கு அது அற்பமாகத் தெரிய வேண்டுமாம். குப்பம்மாள், வேண்டிப் பெற்ற பிள்ளை. கோவிலில் செய்யும் "வேண்டுதலும்", இந்த "வேண்டாமும்" ஒரே வேரில் பிறந்த சொற்கள்தான்!

மொழி தெரியாத ஊரில்

போதும்பொண்ணு விக்ரோலிக்கு வந்தால், மராத்தி டீச்சருக்கு அந்தப் பெயர் வெறும் ஓசை. ஆனால், பக்கத்து வீட்டு மராட்டிய அம்மாள் "என்ன அர்த்தம்?" என்று ஒருநாள் கேட்பார். "நகோ" என்று சொன்னால் போதும். சத்தாராவிலிருந்து பிழைக்க வந்தவர்கள் மும்பையில் ஏராளம். அவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

பெயரை மாற்ற வழி இருக்கிறது. அபிடவிட் எழுதி, மராட்டிய அரசு கெஜட்டில் வெளியிடலாம். அதைக் காட்டி ரேஷன் கார்டு முதலியவற்றிலும் திருத்தலாம்.

ஆனால், வீட்டில் கூப்பிடும் பெயர் கெஜட்டில் இல்லை. அதைப் பெற்றவர்கள்தான் மாற்ற வேண்டும்.