கத்திச் சவரம்

கத்திச் சவரம் என்பது முடிதிருத்துநர் சவரக்கத்தியால் முகமயிரை மழிக்கும் முறையாகும். முன்பு தமிழகத்தில் ஒரே கத்தியைச் சாணைக்கல்லிலும் தோல்வாரிலும் தீட்டிப் பலருக்கும் பயன்படுத்தினர். இன்று பெரும்பாலும் பிளேடை இரண்டாக உடைத்து, ஒரு பாதியைக் கத்திப்பிடியில் செருகுகின்றனர்.

முதலில் முகத்தை நனைத்து, சோப்பு நுரையைத் தூரிகையால் தேய்த்து மயிரை மென்மையாக்குவர். பின்னர் தோலை இழுத்துப் பிடித்து, கத்தியை ஏறத்தாழ 30 பாகை சாய்த்து, மயிர் வளரும் திசையில் மழிப்பர். எதிர்த்திசையில் மீண்டும் மழித்தால் முகம் வழவழப்பாகும்; ஆனால் எரிச்சல் ஏற்படலாம். முடிவில் படிகாரம் தேய்ப்பர். அது சிறு கீறல்களில் கசியும் இரத்தத்தை நிறுத்துமே தவிர, நோய்த்தொற்றைத் தடுக்காது.

கல்லீரல் அழற்சி பி தீநுண்மி, உலர்ந்த இரத்தத்திலும் குறைந்தது 7 நாட்கள் தொற்றும் தன்மையுடன் இருக்கும். எனவே ஒவ்வொருவருக்கும் புதிய பிளேடு அவர் கண்முன்னே உறையிலிருந்து பிரிக்கப்பட வேண்டும். அதைக் கேட்டுப் பெறுவது வாடிக்கையாளரின் உரிமையாகும்.