வரையாடுகள் கூடி வாழும் முறை

கம்பம் பள்ளத்தாக்கில் சின்னமனூருக்கு மேலே எழும் மேகமலையிலும், போடிநாயக்கனூருக்கு வடமேற்கே கேரள எல்லைக்கு அப்பால் விரியும் இரவிகுளத்திலும், புல்வெளியும் பாறைச் சரிவும் அடுத்தடுத்து அமைந்த உயரங்களில் வரையாடு வாழ்கிறது. தமிழ்நாட்டின் மாநில விலங்கான இது, நீலகிரி முதல் குமரி மாவட்ட மலைகள் வரையிலான மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாகக் காணப்படுவதில்லை. ஆறேழு ஆடுகள் கொண்ட சிறு குழுவாகவும், நல்ல புல்வெளி பரந்து கிடக்கும் இரவிகுளம் போன்ற இடத்தில் நூற்றைத் தாண்டும் மந்தையாகவும் இது திரள்கிறது.

அண்டார்க்டிகாவின் பேரரசப் பென்குயின்கள் கடுங்குளிரில் ஒன்றையொன்று நெருக்கி நின்று உடற்சூட்டைக் காத்துக்கொள்கின்றன. வரையாட்டைக் கூட்டுவது குளிரன்று, புலி, சிறுத்தை, செந்நாய் ஆகியவற்றின் மீதான அச்சம். மறைந்துகொள்ளப் புதரற்ற புல்வெளியில் தனித்து மேயும் ஆடு அடிக்கடி தலை நிமிர்ந்து பார்த்தாக வேண்டியிருப்பதால் அதன் மேய்ச்சல் நேரம் குறைகிறது. பல ஆடுகள் சேர்ந்து மேயும்போது எப்போதும் ஏதாவது ஒன்று நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருக்க, மற்றவை வயிறு நிறைய மேய முடிகிறது. ஆபத்தைக் கண்ட ஆடு சீழ்க்கை போன்ற கூர்மையான ஒலி எழுப்பியதும் மந்தை எதிர்த்து நிற்பதில்லை, அருகிலுள்ள செங்குத்துப் பாறைக்கு ஓடிவிடுகிறது. துரத்தி வரும் விலங்கு அங்கே தடுமாறும். வரையாட்டின் குளம்போ கடினமான விளிம்பும் மெத்தென்ற அடிப்பகுதியும் கொண்டு பாறையைப் பற்றிக்கொள்ளும். குட்டியோடு இருக்கும் பெட்டைகள் பாறையை விட்டு வெகுதூரம் விலகாமல் மேய்வதற்கும் இதுவே காரணம்.

இந்த மந்தை நிலையான குடும்பம் அன்று என்பதே இதில் மிகவும் கவனிக்கத்தக்கது. பெட்டைகளும் குட்டிகளும் இளம் கிடாய்களும் சேர்ந்த கூட்டம் காலையில் ஒன்றாக இருந்து மாலைக்குள் இரண்டாகப் பிரியலாம், மறுநாள் வேறொரு கூட்டத்தோடு கலக்கலாம். புல் அடர்ந்த இடத்தில் திரள்வதும் அது குறையுமிடத்தில் சிதறுவதும், காவலின் பயனையும் உணவுப் போட்டியின் சுமையையும் சமன்செய்யும் ஏற்பாடாகவே தோன்றுகிறது. முதுகில் சேணம் பூட்டியதுபோல் வெளிறிய திட்டுக் கொண்ட, கரும்பழுப்பு நிறமான முதிர்ந்த கிடாய்கள் ஆண்டின் பெரும்பகுதியைப் பெட்டைகளிலிருந்து விலகியே கழித்து, தென்மேற்குப் பருவமழையை ஒட்டிய இணைசேரும் காலத்தில் மந்தைக்குள் வந்து ஒன்றோடொன்று மோதுகின்றன. ஏறத்தாழ ஆறு மாதச் சினைக்குப் பின், பெரும்பாலும் சனவரி, பிப்ரவரியில் ஒரு குட்டி பிறக்கிறது.

கிடாய்களின் இந்தப் போக்குவரத்துதான் ஒரு மலையின் மந்தையை அடுத்த மலையின் மந்தையோடு இரத்த உறவில் இணைக்கிறது. தேயிலைத் தோட்டங்களும், அயல்நாட்டிலிருந்து வந்து பரவிய சீகை, யூக்கலிப்டஸ் மரங்களும் புல்வெளிகளைத் துண்டாக்கியபோது அந்த வழிகள் பல இடங்களில் அடைபட்டன; தனித்துப்போன சிறு கூட்டத்தில் காவல் காக்கும் கண்களும் குறைகின்றன, நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம்பெருக வேண்டிய நிலையும் வருகிறது. 1975இல் மலைமலையாக வரையாட்டைக் கணக்கெடுத்த இ. ஆர். சி. டேவிடாரின் நினைவாக அக்டோபர் 7ஐ வரையாடு தினமாகக் கொண்டாடும் தமிழ்நாடு அரசு, 2022இல் நீலகிரி வரையாடு திட்டத்தை அறிவித்தது. அதன்கீழ் 2024இல் நடந்த கணக்கெடுப்பு மாநிலத்தில் 1,031 வரையாடுகள் இருப்பதாக மதிப்பிட்டது. சோலைப்புல்வெளிகளை மீட்பதும், வரையாடு அற்றுப்போன பழைய வாழிடங்களில் அதை மீண்டும் விடுவதும் அத்திட்டத்தின் நோக்கங்களில் அடங்கும்.