கம்ப்யூட்டருக்குத் தேதி தெரியாது, நொடிக்கணக்குதான் தெரியும்

லினக்ஸ் டெர்மினல் கையில இருந்தா, டேட்-னு அடிச்சு ஒரு ஸ்பேஸ் விட்டு, பிளஸ் பெர்சென்ட் எஸ் போட்டுப் பாருங்க. பத்து இலக்கத்துல ஒரு எண் வரும். 1970 ஜனவரி 1, யூடிசி நள்ளிரவிலிருந்து இந்த நிமிஷம் வரைக்கும் எத்தனை நொடி ஆச்சுங்கிற கணக்கு அது. யூனிக்ஸ் வழி வந்த சிஸ்டங்களுக்கு நேரம்னா இந்த எண்தான். வருஷம், மாசம், கிழமை எல்லாம் நமக்குக் காட்டும்போது போடுற கணக்கு. இந்திய நேரமும் அப்படித்தான். 19800 நொடியைக் கூட்டிக் காட்டுது, சேமிச்ச எண் மாறாது.

இலங்கை 1996-ல கடிகாரத்தை முன்னாடி தள்ளி வெச்சு, 2006 ஏப்ரல்ல பழையபடி ஐந்தரை மணி வித்தியாசத்துக்கே திரும்பிச்சு. நொடிக்கணக்கா சேமிச்சிருந்த பதிவுகளை யாரும் தொட வேண்டியிருக்கல. எந்தத் தேதியில எவ்வளவு கூட்டணும்ங்கிற டைம்சோன் அட்டவணையில வரிகளைச் சேர்த்தா போதும்.

இதுல ஒரு சின்னப் பொய்யும் உண்டு. போசிக்ஸ் கணக்குல ஒரு நாளுக்கு எப்பவுமே 86400 நொடி. 1972-லேர்ந்து சேர்த்த 27 லீப் செகண்டுகளை அது கண்டுக்காது. நல்ல சமரசம்னுதான் எனக்குத் தோணுது, வகுத்தா நாள் வந்துடுதே!

சரி, இந்த எண்ணை எவ்வளவு பெரிய டப்பாவில வைக்கிறோம்? சிக்கல் அங்கதான். முதல் யூனிக்ஸ் 1971-லேர்ந்து, ஒரு நொடியை அறுபதா பிரிச்சு எண்ணுச்சு. அப்படி எண்ணினா 32 பிட் இரண்டேகால் வருஷத்துல நிரம்பிடும். அப்புறம்தான் முழு நொடிக்கு மாறினாங்க. குறி உள்ள 32 பிட்டுல அடங்குற பெரிய எண் 2147483647. நம்ம ஊர் நேரப்படி 2038 ஜனவரி 19, காலை 8:44:07-க்கு அது நிரம்பும். அடுத்த நொடி எண் மைனஸுக்குத் திரும்பி, தேதி 1901 டிசம்பருக்குப் போயிடும்.

"எங்க சர்வர் 64 பிட், கவலையில்ல"னு பலர் சொல்றாங்க. 64 பிட் எண் சுமார் 29,200 கோடி வருஷம் தாங்கும், உண்மைதான். ஆனா பிராசஸர் அகலமா இருந்தா டிஸ்க்ல எழுதின டேட்டாவும் அகலமாயிடுமா? மைஎஸ்கியூஎல்லோட டைம்ஸ்டாம்ப் காலம் 2038-ஐத் தாண்டாது. 128 பைட் ஐநோடோட உருவாக்கின பழைய இஎக்ஸ்டி4 டிஸ்க்கும் அப்படித்தான்.

2038 வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம். இன்னைக்கு ஒருத்தர் 20 வருஷ வீட்டுக்கடன் வாங்கினா, அதோட கடைசித் தவணைத் தேதி இப்பவே அந்தக் காலத்துல உட்காரணும். அதனால டெஸ்ட் சர்வர்ல 2040-ஆம் வருஷத் தேதி ஒன்னைப் போட்டுப் பாருங்க. டைம்ஸ்டாம்ப் காலம்னா, ஸ்ட்ரிக்ட் மோடுல எரர் வரும். அது நல்லது. ஸ்ட்ரிக்ட் மோடு இல்லன்னா, ஒரு வார்னிங்கோட எல்லாம் பூஜ்யமா ஒரு தேதி உள்ளே போயிடும். அந்த வார்னிங்கை யாரும் படிக்கிறதில்ல.