இரவல் அண்டா

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பித்தளை அண்டா கிடந்தது. நான்கு பேர் இருக்கும் வீட்டில் அதற்கு என்ன வேலை? தினப்படி சாம்பாரை அதில் வைத்தால் அடியைத் தாண்டி மேலே வராது. ஆனால் தெருவில் வளைகாப்பு, காதுகுத்து என்றால் முதல் தட்டு எங்கள் கதவில்தான் விழும். விளிம்பில் பாட்டியின் பெயர் வெட்டியிருந்தது. எத்தனை வீடு சுற்றினாலும் அந்தப் பெயர்தான் அதைத் திரும்பக் கூட்டிவந்தது.

நெதர்லாந்தின் முன்வரிசை ஆட்டக்காரர் வவுட் வெக்ஹோர்ஸ்ட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த அண்டா ஞாபகம் வரும். உயரம் 1.97 மீட்டர். எம்மென், ஹெராக்கிள்ஸ், ஆல்க்மார், வொல்ஃப்ஸ்பர்க், பர்ன்லி, பெசிக்டாஸ், மான்செஸ்டர் யுனைடெட், ஹோஃபன்ஹைம், அயாக்ஸ் என்று ஒன்பது கிளப், நான்கு நாடு. இவ்வளவு இடம் மாறியவர் எங்கும் நிலைக்காத சுமாரான ஆள் என்று நினைக்கத் தோன்றும். அண்டாவை வைத்துப் பார்த்தால் விஷயம் வேறு மாதிரி விளங்கும்.

முதலில் பாத்திரம். இவர் 'டார்கெட் மேன்' வகை. பின்னாலிருந்து உயரத் தூக்கிப் போடும் பந்தை, முதுகில் ஒரு தடுப்பாளர் ஏறி நிற்க, நெஞ்சிலோ தலையிலோ வாங்கி, கூட்டாளி ஓடிவரும்வரை விடாமல் வைத்திருக்க வேண்டும். பக்கவாட்டிலிருந்து கிராஸ் வந்தால் தலையால் முட்ட வேண்டும். பந்து எதிரியிடம் போனால் முதல் ஆளாக விரட்ட வேண்டும். இந்தக் கடைசி வேலையில் வெக்ஹோர்ஸ்ட் சலிக்கவே மாட்டார். அவ்வளவு பெரிய உடம்பு அந்த ஓட்டம் ஓடுவதைப் பார்த்தால் நமக்கு மூச்சு வாங்கும்.

அடுத்தது அடுப்பு. அண்டாவை ஒற்றை பர்னர் கேஸ் அடுப்பில் ஏற்றினால் நடுவில் அடிபிடிக்கும், ஓரத்தில் பருப்பு வேகாது. அதற்குக் கோட்டை அடுப்பும் விறகும் வேண்டும். 2018இல் அவர் போய்ச் சேர்ந்த வொல்ஃப்ஸ்பர்க் அப்படியொரு அடுப்பு. அந்த அணி எதிரியை விரட்டிப் பிடித்து, பந்தைச் சட்டென்று முன்னால் அனுப்பும். 118 பண்டஸ்லிகா ஆட்டங்களில் 59 கோல்; 2020–21 பருவத்தில் மட்டும் 20. அந்த வருடம் அணி நான்காம் இடம் பிடித்துச் சாம்பியன்ஸ் லீகுக்குப் போனது.

2022 ஜனவரியில் பர்ன்லி அவரை வாங்கியது. அவர்களுடைய பழைய பெரிய பாத்திரமான கிறிஸ் வுட்டை நியூகாசில் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அந்தக் காலி இடத்துக்கு இவர். 20 லீக் ஆட்டம், 2 கோல், மே மாதம் அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. புதிய பயிற்சியாளராக வந்த வின்சென்ட் கொம்பனிக்குத் தரையோடு தரையாகச் சிறு சிறு பாஸ்கள் போக வேண்டும். கல்யாணச் சமையலுக்கு வாங்கிய அண்டா வீட்டில் இருக்க, புது மாஸ்டர் வந்து தோசைக்கல்லைக் கேட்ட கதை. அண்டா பரணுக்குப் போகவில்லை, தெருவுக்குப் போனது. இரவல் தொடங்கியது.

கால்பந்தில் இதை 'லோன்' என்கிறார்கள். கடன் என்று மொழிபெயர்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு டம்ளர் சர்க்கரை கைமாற்று வாங்கினால் வேறு சர்க்கரையைத் திருப்பிக் கொடுக்கலாம். இரவல் அப்படியில்லை; வாங்கிய அதே பொருள் திரும்பி வர வேண்டும். ஆட்டக்காரர் விஷயத்தில் விளிம்பில் வெட்டிய பெயர்தான் மூல கிளப்புடன் உள்ள ஒப்பந்தம். இரவல் காலத்துச் சம்பளத்தை வாங்கிய கிளப் முழுதாகவோ பாதியாகவோ ஏற்கும். புளி போட்டுத் துலக்குவது, ஈயம் பூசுவது யார் செலவு என்று முன்கூட்டியே பேசிக்கொள்வதைப் போல.

2022 ஜூலையில் அவர் ஒரு பருவ இரவலில் துருக்கியின் பெசிக்டாஸுக்குப் போனார். அங்கே அடுப்பு பிடித்தது, கோல்கள் வந்தன. நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டும் ரொனால்டோவும் பிரிந்தார்கள். முன்வரிசையில் ஆள் இல்லாமல் தவித்த பயிற்சியாளர் எரிக் டென் ஹாக்கின் கண் இஸ்தான்புல் பக்கம் திரும்பியது.

இந்த இடத்தில் சட்டம் சுவாரசியமானது. அந்த 2022 ஜூலையிலிருந்துதான் ஃபிஃபா ஒரு விதியைக் கொண்டுவந்தது: இரவல் வாங்கியவர் அதை இன்னொருவருக்கு இரவல் கொடுக்கக் கூடாது. எங்கள் பாட்டி இதை ஃபிஃபாவுக்கு வெகு காலம் முன்பே தெருவில் அமல்படுத்தியிருந்தார். எதிர்வீட்டுக்காரர் அண்டாவை அப்படியே தன் மச்சினி வீட்டுக்குக் கொடுத்தனுப்பியது தெரிந்த அன்றைக்கு வாசலில் நடந்த பேச்சு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. ஆகவே அண்டா முதலில் பர்ன்லி கணக்குக்குத் திரும்ப வேண்டும், பிறகுதான் மான்செஸ்டர் போக முடியும். பாதிப் பந்தியில் பாத்திரத்தை விட்டுக்கொடுக்கப் பெசிக்டாஸ் சம்மதிக்கவும் வேண்டும். இழப்பீடு வாங்கிக்கொண்டு சம்மதித்தது.

இன்னொரு முடிச்சும் உண்டு. ஒரு பருவத்தில் ஒருவர் மூன்று கிளப்பில் பதிவாகலாம், ஆனால் இரண்டுக்குத்தான் ஆடலாம். அந்தப் பருவத்தில் பர்ன்லிக்காக ஒரு ஆட்டம் ஆடிவிட்டு இஸ்தான்புல் போயிருந்தால், யுனைடெட் சட்டை அவருக்குக் கிடைத்திருக்காது.

பேச்சுவார்த்தை முடியும் முன்பே செய்தி கசிந்துவிட்டது. ஜனவரி 7இல் காசிம்பாஷாவுக்கு எதிராகக் கோல் அடித்தவர், ரசிகர்களைப் பார்த்துக் கையசைத்தார். பார்த்தவர்கள் எல்லோருக்கும் விடை பெறுகிறார் என்பது புரிந்தது.

யுனைடெட்டில் 31 ஆட்டம், 2 கோல். லீகில் ஒன்றுகூட இல்லை. கேலி செய்யாதவர் இல்லை. எனக்கு இதில் கொஞ்சம் கோபம் உண்டு. டென் ஹாக் அவரைச் சில நாள் முன்னால் நிறுத்தினார், சில நாள் நடுவில் இறக்கினார். தண்ணீர் பிடித்து வைக்க, மாவு கரைக்க, வந்த விருந்தாளியை உட்கார வைக்க, எல்லாவற்றுக்கும் ஒரே பாத்திரம். பிப்ரவரி 26 அன்று நியூகாசிலை 2–0 என்று வென்று லீக் கோப்பையை எடுத்தார்களே, இரண்டாவது கோலுக்கு ராஷ்ஃபோர்டிடம் பந்தைக் கொடுத்தவர் இவர்தான். 2017க்குப் பிறகு அந்தக் கிளப்புக்கு அது முதல் கோப்பை. சாப்பிட்டவர்கள் சாம்பாரைப் பாராட்டினார்கள். அண்டாவைப் பாராட்டுகிற வழக்கம் எந்த ஊரிலும் இல்லை.

பிறகு ஹோஃபன்ஹைமுக்கு இன்னொரு வருட இரவல். 2024இல் அயாக்ஸ் விலை கொடுத்தே வாங்கியது. பாத்திரக் கடையில் சர்ரென்று ஓடும் அந்தச் சின்ன மிஷின் பழைய பெயரை அடித்துவிட்டுப் புதுப் பெயரை வெட்டியது.

லுசைல் மைதானத்து ஆட்டத்தை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன். 2022 டிசம்பர் 9, கத்தார், உலகக் கோப்பைக் காலிறுதி. அர்ஜென்டினா 2–0 என்று முன்னிலை. 78ஆம் நிமிடம் பயிற்சியாளர் லூயி வான் கால் இவரை இறக்கினார். பந்தி போட்டாயிற்று, கரண்ட் போய்விட்டது, மிக்ஸி நின்றுவிட்டது; வீட்டுப் பெரியவர் மூலையில் கிடந்த அம்மியைக் கழுவச் சொல்கிறார். நேர்த்தியான பாஸ் ஆட்டம் மூட்டை கட்டப்பட்டு, உயரப் பந்துகள் பறக்க ஆரம்பித்தன. 83இல் பெர்கௌஸ் அனுப்பிய கிராஸை வெக்ஹோர்ஸ்ட் தலையால் முட்டினார். 2–1.

தொண்ணூறு நிமிடத்துக்குமேல் நடுவர் சேர்த்த பத்து நிமிடமும் கரைந்துவிட்டது. கோல் பெட்டிக்கு வெளியே ஒரு ஃப்ரீ கிக். நெதர்லாந்தின் கூப்மைனர்ஸ் ஓடி வருகிறார். சுவராக நின்றவர்கள் பந்து தலைக்கு மேல் வரும் என்று உடம்பை இறுக்குகிறார்கள். கடுகு வெடிக்கப்போகிறது என்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கும்போது, கரண்டியை இறக்கி வைத்துவிட்டு ஒருவர் பேசாமல் அடுப்பை அணைப்பாரே, அந்த மாதிரி. பந்து தரையோடு வழுக்கிச் சுவருக்குப் பக்கத்தில் நின்ற வெக்ஹோர்ஸ்ட்டின் காலுக்கு வந்தது. முதுகில் அர்ஜென்டினாவின் என்சோ ஃபெர்னாண்டஸ் தொங்க, அவர் திரும்பித் தாழ்வாக உள்ளே தள்ளினார். 2–2. பந்தைத் தாங்குவது, ஆளை முதுகில் சுமப்பது, திரும்புவது: பத்து வருடமாகக் கிளப் கிளப்பாக அவர் செய்த அதே வேலைதான், இரண்டு நொடியில்.

பெனால்டி ஷூட்அவுட்டில் அவருடைய உதையும் உள்ளே போனது. ஆனால் அர்ஜென்டினா 4–3 என்று வென்றது. ஆட்டம் முடிந்து பேட்டி கொடுத்துக்கொண்டிருந்த மெஸ்ஸி, பக்கத்தில் நின்ற வெக்ஹோர்ஸ்ட்டைப் பார்த்து, "என்ன பார்க்கிறாய், மடையா?" என்று சீறினார். மெஸ்ஸி வாயிலிருந்து இப்படி வந்ததே பெரிய செய்தியாயிற்று. கொஞ்ச நாளில் அர்ஜென்டினாவில் அந்த வாக்கியத்தை அச்சிட்ட காபி கப்புகள் விற்பனைக்கு வந்துவிட்டன.