எட்டுப் பவுண்டு மின்கித்தார்

கட்டையில் குடைந்த மின்கித்தாரின் உடலுக்கு இயற்பியல் இட்டிருக்கும் பணி மிகச் சிறியது. வீணையின் குடம் தந்தியின் அதிர்வை வாங்கிக் காற்றில் பரப்பியாக வேண்டும். மின்கித்தாருக்கு அந்தக் கடமை இல்லை. ஆறு தந்திகளும் சேர்ந்து 35 முதல் 45 கிலோ எடைக்கு நிகரான விசையில் இழுக்கும்போது வளையாமல் நின்றால் போதும். ஒலியைப் பிறப்பிப்பவை தந்தியும், அதனடியில் இருக்கும் காந்தமும், காந்தத்தைச் சுற்றிய செப்புக்கம்பியும், அப்பால் நிற்கும் பெருக்கியுமே. அரிய மரத்துக்கு அரிய குரல் உண்டு என்று விற்போர் விரித்துரைப்பதில் பெரும்பகுதியை நான் ஏற்பதில்லை. காசு குறைந்தவர் மரத்தில் தாராளமாக மிச்சம் பிடிக்கலாம். உராய்விலும் காந்தத்திலும் பிடித்தால்தான் கருவி கெடும்.

இதற்கு நல்ல சான்று இலண்டனுக்கு மேற்கே ஃபெல்தம் என்னும் ஊரில் உருவானது. 1963 ஆகஸ்டில் பிரையன் மே என்ற 16 வயது மாணவன், மின்னணுவியல் தெரிந்த தன் தந்தை ஹெரால்டுடன் சேர்ந்து ஒரு மின்கித்தாரைச் செய்யத் தொடங்கினான். அமெரிக்கக் கித்தார்களின் விலை அக்குடும்பத்துக்கு எட்டாதது. ஏறத்தாழ இரண்டாண்டு உழைப்பில், சுமார் 8 பவுண்டு செலவில் முடிந்த அக்கருவியே பின்னர் 'ரெட் ஸ்பெஷல்' எனப் பெயர் பெற்று, குவீன் இசைக்குழுவின் ஒலித்தட்டுகளில் ஒலித்தது. அம்மாணவர் 2007இல் இம்பீரியல் கல்லூரியில் கோளிடைத் தூசியின் இயக்கத்தை ஆய்ந்து முனைவர் பட்டமும் பெற்றார்.

கழுத்துக்கு வாய்த்தது பழைய கணப்படுப்பு ஒன்றின் மகோகனிச் சட்டம். நூறாண்டுக்கும் மேற்பட்டது, புழு துளைத்தது. துளைகளில் தீக்குச்சிகளைச் செருகி ஒட்டி அடைத்தனர். இதைக் கேட்டுச் சிரிப்பவர் உண்டு. ஆனால் மரத்தின் பகை புழுத்துளையைவிட ஈரமே. ஈரம் வற்றும்போது மரம் இழைக்குக் குறுக்கே சுருங்கி, முறுகி, வளைகிறது. பச்சை மரத்தில் கடைந்த கழுத்து ஓராண்டில் கோணிப்போகும். நெடுங்காலம் அடுப்பருகே காய்ந்த சட்டமோ கோண வேண்டியதை எல்லாம் முன்னரே கோணி முடித்திருக்கும். தந்தியின் இழுப்பை எதிர்க்க அதனுள் எஃகுத்தண்டு ஒன்றும் பொருத்தப்பட்டது. உடலின் நடுக்கட்டை பழைய கருவாலி மேசையிலிருந்து வந்தது. சுற்றுப்பகுதி, துண்டுக்கட்டைகளை ஒட்டிச் செய்யும் பிளாக்போர்டு. மேலே மகோகனி மெல்லேடு ஒட்டியதால் உள்ளிருப்பது கண்ணுக்குத் தெரியாது. விரல்பலகையில் இடங்காட்டும் வெண்புள்ளிகள் தாயாரின் தையற்பெட்டியில் இருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள்.

மெட்டுகளைப் பதிப்பதற்கு அளவை அன்றி வேறு துணை இல்லை. வீணை செய்வோர் மெழுகின்மேல் மெட்டை வைத்து, காதால் கேட்டு, நகர்த்தி நகர்த்தி மேளம் கட்டுவர். கித்தாரில் விரல்பலகையை அறுத்து மெட்டை அடித்து இறக்கிவிட்டால் பிறகு நகர்த்த இயலாது. எட்டாம் சுரம் இருமடங்கு அதிர்வெண் கொண்டது. இடையே பன்னிரண்டு சமபடிகள். ஒவ்வொரு படிக்கும் தந்தியின் நீளம் 1.05946 என்ற எண்ணால் வகுபடும். ரெட் ஸ்பெஷலின் தந்தி நீளம் 24 அங்குலம், அதாவது 609.6 மில்லிமீட்டர். முதல் மெட்டு 34.2 மில்லிமீட்டர் தள்ளி அமையும். பன்னிரண்டாவது சரிபாதியில் நிற்கும். வீணையைப் போலவே இதற்கும் மெட்டுகள் 24. கடைசி இரண்டுக்கும் இடைவெளி வெறும் 9 மில்லிமீட்டர். முதல் மெட்டில் அரை மில்லிமீட்டர் பிழைத்தால் சுரம் ஓர் அரைச்சுரத்தின் நூற்றில் ஒன்றரைப் பங்கே விலகும். இருபத்துமூன்றாம் மெட்டில் அதே பிழை ஐந்து பங்குக்கும் மேல் விலக்கும். ஆகையால் ஒரு மெட்டிலிருந்து அடுத்ததை அளந்துகொண்டு போகலாகாது. பிழைகள் கூடிக்கொண்டே போகும். எல்லா அளவையும் தந்தி தொடங்கும் முனையிலிருந்தே எடுக்க வேண்டும். இந்த இடத்தில் செலவு ஒரு நல்ல எஃகு அளவுகோல். அதை மட்டும் கடன் வாங்கியாவது நல்லதாகப் பெறுக.

தந்திகளை ஒருசேரத் தளர்த்தி இறுக்கி ஒலியை நடுங்கச் செய்யும் நெம்புகோலமைப்பில்தான் தந்தையும் மகனும் தம் முழுத் திறத்தையும் காட்டினர். அந்நாளைய கருவிகளில் இதை அழுத்தி விட்டால் தந்தி பழைய சுரத்துக்குத் திரும்பாதது பெருந்தொல்லை. காரணம் உராய்வு. ஒரு பரப்பின்மேல் வளைந்து செல்லும் தந்தி அதைப் பற்றிக்கொள்கிறது. வளைகோணம் கூடக்கூடப் பற்றும் விசை படியேற்ற முறையில் பெருகும் என்பது ஆய்லர் கணித்த உண்மை. பற்றிய இடத்துக்கு இப்பாலும் அப்பாலும் இழுவிசை வேறாகிவிட்டால் சுரம் பிசகும். எனவே இருவரும் தந்தி தொடும் ஒவ்வோர் இடத்தையும் தேடிப்போய் உராய்வைக் களைந்தனர். குதிரையில் ஒவ்வொரு தந்திக்கும் கையால் செய்த சிற்றுருளை வைத்தனர். மறுமுனையில் மெட்டுக்கு ஒப்பான 'சுழி மெட்டு' ஒன்றின்மேல் தந்தியைச் செலுத்தி, அங்கிருந்து பிரடைவரை வளைவின்றி நேராகப் போகவிட்டனர். தந்திகளைத் தாங்கும் தகடு திருகாணிகளின்மேல் அசையாமல், வேதித்தராசின் நடுக்கோல்போல வன்மையேற்றிய எஃகுக் கத்திமுனையின்மேல் அசைகிறது. கோட்டளவே தொடுவதால் அங்கும் உராய்வு இல்லை என்றே சொல்லலாம்.

தந்திகளின் இழுப்புக்கு ஈடுகொடுக்க இரண்டு சுருள்வில்கள். அவை 1928ஆம் ஆண்டுப் பாந்தர் மோட்டார்சைக்கிள் பொறியின் வால்வு வில்கள். கிடைத்ததை மாட்டினார்கள் என்று இதை விட்டுவிட முடியாது. நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும் நான்குவீச்சுப் பொறியில் வால்வு வில் 1500 முறை அமுங்கி எழுகிறது, அதுவும் வெப்பத்தில். அப்படி உழைத்தும் விறைப்புக் குன்றாத எஃகுக்குக் கித்தாரில் கிடைப்பது ஓய்வு வாழ்க்கை. நெம்புகோல் மிதிவண்டி இருக்கைப் பையின் தாங்கி. அதன் நுனி, தாயாரின் பின்னலூசியிலிருந்து வெட்டியது.

இனி, கருவியின் செவி. 'பிக்கப்' எனக் கலைஞர் வழங்கும் காந்தச்சுருள், ஃபாரடே 1831இல் கண்ட மின்காந்தத் தூண்டலின் எளிய பயன். நிலைக்காந்தம் தன்மேல் உள்ள எஃகுத்தந்தியைக் காந்தமாக்குகிறது. தந்தி அதிர, சுருளின் ஊடே செல்லும் காந்தப்பாயம் மாறுகிறது. மாறும் வேகத்துக்கேற்ப மின்னழுத்தம் எழுகிறது. அழுத்தம் போதுமான அளவு எழ, தலைமயிரளவே பருத்த கம்பியைப் பல்லாயிரம் சுற்றுகள் சுற்ற வேண்டும். இதைக் கித்தாரில் வெற்றியுடன் பொருத்தியவர் ஜார்ஜ் பீச்சம். அமெரிக்கக் காப்புரிமை 1937இல் வந்தது.

ஃபெல்தமிலும் முதலில் கடையில் வாங்கிய சிறு காந்தங்களைக் கொண்டு காந்தச்சுருள்களைத் தாமே சுற்றினர். ஒலி நன்றாகவே இருந்தது, தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கும்வரை. வீணையில் கமகத்துக்கு இழுப்பதுபோலவே கித்தாரிலும் இழுத்துச் சுரமேற்றுவர். அடுத்தடுத்த காந்தங்களின் முகம் வடக்கும் தெற்குமாக மாறி மாறி இருந்ததால், இழுபடும் தந்தி ஒன்றின் ஆட்சியிலிருந்து மற்றதன் ஆட்சிக்குக் கடக்கும்போது அதன் காந்தமுனைப்பு தலைகீழானது. இடையே ஒலி கரகரத்தது. பிறகு பர்ன்ஸ் நிறுவனத்தின் 'ட்ரை-சோனிக்' காந்தச்சுருள்கள் மூன்றை விலைகொடுத்து வாங்கினர். முழுக்கருவியிலும் ஆயத்தமாக வாங்கிய முதன்மை உறுப்புகள் இவையே எனலாம். சரியான இடத்தில் செய்த செலவு.

வாங்கியதோடு நிற்கவில்லை. மூன்றையும் தொடராக இணைத்து, ஒவ்வொன்றுக்கும் திறந்து மூடும் ஒரு சுவிட்சும், மின்குறியைத் தலைகீழாக்கும் இன்னொரு சுவிட்சும் வைத்தனர். தனித்தனியே மூன்று, இரண்டிரண்டாக ஆறு, மூன்றும் சேர்ந்து நான்கு என வேறுபட்ட 13 குரல்கள் இதனால் கிடைக்கின்றன. இரண்டு சுருள்களை எதிர்க்கட்டத்தில் இணைத்தால், இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுபோல் விழும் அடிச்சுரம் தன்னைத்தானே பெரிதும் அழித்துக்கொள்கிறது. தந்தியின் வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு அளவில் அதிரும் மேற்சுரங்கள் எஞ்சி, ஒலி மெலிந்து கூர்மையாகிறது. ஆறு சிறு சுவிட்சுகளுக்கு ஆகும் காசில் இதனினும் மிகுந்த பயன் தருவது எதுவும் எனக்குத் தெரியவில்லை.

பெருக்கியின் ஒலி திரும்பி வந்து தந்தியை அதிரச்செய்தால் சுரம் அறாது நீளும். இதைப் பலர் குற்றமாகக் கண்ட காலத்தில் மே அதை விரும்பினார்; உடலுக்குள் காற்றறைகளைக் குடைந்து வைத்ததும் அதற்கே. ஆனால் திரும்பிவரும் ஒலியில் இன்னொரு வகை உண்டு. சுருளின் கம்பிச்சுற்றுகள் தளர்ந்திருந்தால் அவையே காந்தப்புலத்தில் ஆடி, தந்திக்குத் தொடர்பற்ற கிரீச்சொலியை எழுப்பும். அரால்டைட் பசையை உள்ளே செலுத்திச் சுற்றுகளை உறையவைத்தனர். வேண்டிய ஊளை நிலைத்தது, வேண்டாத கிரீச்சு ஓய்ந்தது. இன்றைக்கு வீட்டில் காந்தச்சுருள் செய்வோர் உருகிய மெழுகில் தோய்த்து இதையே செய்கின்றனர்; வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்தே மெழுகை உருக்குக, நேரடி நெருப்பில் அது பற்றிக்கொள்ளும்.

மெருகிடுதலைச் சுருக்கமாகச் சொல்லலாம், செய்வதுதான் நீளும். மகோகனி நுண்துளை மிகுந்த மரம். துளைகளை நிரப்பாமல் பூசினால் எத்தனை பூச்சும் குழியாகவே காயும். நிரப்பிக் காய்ந்தபின் உப்புத்தாளை இழையின் போக்கிலேயே தேய்த்து, சொரசொரப்பிலிருந்து நுண்மைக்குப் படிப்படியாகப் போக வேண்டும். ரெட் ஸ்பெஷலுக்குப் பூசப்பட்டது இருபகுதிக் கலவை. அரக்குமெருகு அதன் கரைப்பான் ஆவியாவதால் இறுகுகிறது. அடுத்த பூச்சு முந்தையதைச் சற்றே கரைத்து அதனோடு ஒன்றிவிடும். இருபகுதிக் கலவையோ வேதிவினையால் இறுகி மீண்டும் கரையாததாகிறது. வியர்வைக்கும் நகத்துக்கும் அஞ்சாது. உடலின் விளிம்பில் ஓடும் வெண்பட்டை, அலமாரிப் பலகைகளுக்கு ஒட்டும் நெகிழிப்பட்டை.

மீட்டுவதற்கு மே பின்னாளில் நெகிழி வில்லையைக் கைவிட்டு, பழைய ஆறு பென்னி நாணயத்தைக் கொண்டார். வளையாத உலோகம் என்பதால் தந்தியின் எதிர்ப்பு விரல்நுனிக்கு அப்படியே எட்டும். விளிம்பின் வரிப்பற்கள் தந்தியை உரசி, ஒவ்வொரு மீட்டின் தொடக்கத்திலும் உயர் அதிர்வெண்களைக் கூட்டும். எட்டுப் பவுண்டுக் கணக்கில் சேர்க்கப்படாத அச்செலவு, பெயரிலேயே எழுதியிருக்கிறது.